பதினாறு ரெஜிஸ்டர்கள்

1977-ல் சென்னை ஐஐடி கணிப்பொறி மையத்து ஜன்னலில் அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு, விடைக்கு மறுநாள் வரை காத்துக் கிடந்தவன் நான். உள்ளே குளிரூட்டிய கூடத்தில், மேற்கு ஜெர்மனி உதவியால் 1973-ல் வந்த ஐபிஎம் 370/155. இன்று நாகரசம்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஓசூரில் பொறியியல் படிக்கும் பேத்தி லேப்டாப்பில் புரோகிராம் எழுதிய கையோடு ஓட்டியும் பார்த்துவிடுகிறாள்.

அன்று அட்டைக்கு 80 பத்திகள். அசெம்பிளர் மொழியில் கட்டளை பத்தாவது பத்தியில், விவரம் பதினாறில். தொடக்கத்திலேயே 'பிஏஎல்ஆர் 12,0' என்று துளையிடுவோம். நினைவகத்தில் புரோகிராம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த ஒரு வரி 12-ஆம் ரெஜிஸ்டரில், அதாவது ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தில், குறித்துவைக்கும். இருந்தவை 16 ரெஜிஸ்டர்கள். எதில் என்ன இருக்கிறது என்பதை நம் தலையில்தான் சுமக்க வேண்டும். மறந்து 12-ஐ அழித்துவிட்டால், மறுநாள் கைக்கு வருவது பக்கம் பக்கமாக நினைவகத்தைக் கொட்டிக் காட்டும் 'டம்ப்' எண்கள்தான்.

நினைவகம் விலை உயர்ந்த காலம் அது. அதனால் 1964-ல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 360-இன் இயக்குதளமே பெரும்பாலும் அசெம்பிளரில் எழுதப்பட்டது. பரோஸ் நிறுவனமோ 1960களிலேயே பி5500-இன் இயக்குதளத்தை, அல்கால் வழிவந்த எஸ்பால் மொழியில் எழுதித் துணிச்சல் காட்டியது. மல்டிக்ஸ் என்ற இயக்குதளத்துக்கு பிஎல்/1 மொழி வந்தது. கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 360-க்கென்றே பிஎல்360 மொழியைப் படைத்தார். ஐபிஎம் தன் ஊழியர்களுக்கு பிஎல்/எஸ் மொழியை உருவாக்கியது. வாடிக்கையாளருக்கு அதைத் தரவில்லை. எங்கள் இயந்திரம் சென்னைக்கு வந்த அதே 1973-ல், பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை சி மொழியில் திருப்பி எழுதினார்கள். அதன்பிறகு இயக்குதளம் ஒரே இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை என்றாயிற்று.

இன்று, பெரும்பகுதி சி-யில் எழுதப்பட்ட லினக்ஸ் கைப்பேசியிலும் ஓடுகிறது, ஐபிஎம் மெயின்ஃபிரேமிலும் ஓடுகிறது. 2022-ல் ரஸ்ட் மொழிக்கும் அதில் இடம் கிடைத்தது. நினைவகத்தைத் தவறாகத் தொடும் பிழைகள் பலவற்றை, ஓடுவதற்கு முன்பே ரஸ்ட் கம்பைலர் பிடித்துவிடுகிறது. நாங்கள் தலையில் சுமந்ததை மொழியும் கம்பைலரும் படிப்படியாக வாங்கிக்கொண்ட கதைதான் இந்த அறுபது ஆண்டும். அதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. ஆனாலும் அந்தச் சுமையை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பேன்.

"கம்பைலர் உனக்காக என்ன எழுதியிருக்குன்னு திறந்து காட்டு கண்ணு," என்றேன். திரையில் அசெம்பிளி வரிகள் விரிந்தன.

"இந்த ப்ராசஸர்ல பொது ரெஜிஸ்டர் மொத்தம் எத்தனை?"

அவள் தேடிப் பார்த்து நிமிர்ந்தாள்.

"பதினாறு, தாத்தா."