விடைத்தாள் கம்பெனியிடம், பொறுப்பு பல்கலைக்கழகத்திடம்

2017 கோடையில் மும்பை பல்கலைக்கழகம் ஏறத்தாழ 17 லட்சம் விடைத்தாள்களை ஸ்கேன் செய்து, ஆசிரியர்களைக் கணினித் திரையில் திருத்தச் சொன்னது. ஒப்பந்தம் பெங்களூரின் மெரிட்டிராக் நிறுவனத்துக்குப் போனது. மகாராஷ்டிரப் பல்கலைக்கழகச் சட்டப்படி தேர்வு முடிந்த 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிவு வந்தாக வேண்டும். ஆனால் சில பாடங்களுக்குச் செப்டம்பர் வரை இழுத்தது. மாட்டுங்கா, செம்பூர் கல்லூரிகளில் படித்த தாராவிப் பிள்ளைகளும் மேற்படிப்புக்கும் வேலைக்கும் காட்ட மார்க் ஷீட் இல்லாமல் நின்றார்கள். ஆளுநர் வித்யாசாகர் ராவ் (அப்போது தமிழ்நாட்டையும் சேர்த்துப் பார்த்தவர்) ஜூலை 31 என்று வைத்த கெடுவும் தாண்டியது. அக்டோபரில் துணைவேந்தர் சஞ்சய் தேஷ்முக் பதவி இழந்தார்.

திரையில் திருத்துவது கெட்ட யோசனை அல்ல. கூட்டல் பிழை இருக்காது, யார் எப்போது திருத்தினார் என்பது பதிவாகும். கெடுத்தது அவசரம். தேர்வுகள் தொடங்கிய பிறகுதான் நிறுவனமே முடிவானது. ஒரு துறையில் சோதித்துப் பார்க்காமல் எல்லாத் துறைகளிலும் ஒரே மூச்சில் இறங்கினார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதவில்லை. தாள்கள் மாறிப்போயின, சில கிடைக்கவே இல்லை. முதல் ஆண்டு ஒரு சிறு துறை, பழைய முறையும் கூடவே ஓடட்டும், தாமதமானால் நாள் கணக்கில் அபராதம், ஒப்பந்தம் முறிந்தால் தரவு முழுதும் திரும்ப வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதியிருந்தால் கதை வேறு.

கல்யாணச் சமையலை கான்ட்ராக்ட் விட்டாலும், பந்தியில் சாம்பார் வரவில்லை என்றால் கேள்வி கல்யாண வீட்டாருக்குத்தான். கம்பெனியின் ஹெல்ப்லைனில் மாணவர் தொங்க வேண்டியதில்லை. பதில் சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம்.

பல்கலைக்கழகம் பதில் சொல்லாவிட்டால் பலரும் முதலில் நினைப்பது நுகர்வோர் நீதிமன்றத்தை. அங்கே போகாதீர்கள். தேர்வு நடத்துவது விற்கிற சேவை அல்ல என்று பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உதவுவது தகவல் உரிமைச் சட்டம். தன் விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தில் கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாலும் போதும். மனு 150 சொல்லுக்குள், ஒரே விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும். பலருடைய மனு இங்கேதான் தடுக்கி விழுகிறது. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கம்பெனியுடன் போட்ட ஒப்பந்தத்தின் நகலையும் கேட்கலாம். வணிக ரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் அதைவிடப் பெரியது என்று மேல்முறையீட்டில் வாதிடலாம்.

தாமதத்துக்குத் தனி வழி இருக்கிறது. யுஜிசியின் 2023 விதிகள் தேர்வு முடிவு தாமதத்தையும் குறையாகவே எண்ணுகின்றன. முதலில் மாணவர் குறைதீர் குழு, அங்கே தீராவிட்டால் ஓம்பட்ஸ்பெர்சன் எனும் குறைகேள் அதிகாரி. எதுவும் நடக்காமல் சேர்க்கையின் கடைசித் தேதி நெருங்கினால் மும்பை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. எல்லாவற்றுக்கும் தேவை ஹால் டிக்கெட்டும், தேர்வறையில் குறித்துக்கொண்ட விடைத்தாள் எண்ணும். தாள் தொலைந்தால் தேர்வு எழுதியதைக் காட்ட முதலில் கை கொடுப்பவை அவைதான்.