வக்கீல் ஆக ஆசையா? "பிளஸ்-2" எங்கே?

பட்டம் கையில் இருந்தும் சட்டக்கல்லூரிக்குள் நுழைய முடியாது! பாரிமுனை கணக்கப்பிள்ளை படும் பாடு

சென்னை பாரிமுனை. மாலை 6 மணி.

ஐகோர்ட்டு பக்கமிருந்து வக்கீல்கள் கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு பஸ்சுக்கு ஓடுகிறார்கள். எதிரே தம்புச்செட்டித் தெருவில் ஜெராக்ஸ் கடைகளில் இன்னும் கூட்டம் குறையவில்லை.

அதில் ஒரு கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார் அந்த மனிதர். வயது 43. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் எஸ்.எஸ்.எல்.சி. சர்ட்டிபிகேட்டு, பி.ஏ. பட்டம், ஜாதிச் சான்றிதழ். எல்லாம் பத்திரமாக இருந்தன.

கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவர் அவர். 3 ஆண்டு சட்டப்படிப்புக்கு மனுப் போட வந்திருந்தார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"10-வது மார்க்கு ஷீட்டு குடுங்க சார்."

கொடுத்தார்.

"பிளஸ்-2?"

"அது இல்லம்மா. பி.ஏ. இருக்கு."

"பிளஸ்-2 இல்லாம பி.ஏ. எப்படி சார்?"

"திறந்தவெளியில நேரா எழுதினதும்மா."

அந்தப் பெண் கை நிறுத்திவிட்டாள். "அப்படின்னா பணம் கட்டாதீங்க சார். யாரையாவது விசாரிச்சுக்கிட்டு வாங்க" என்றாள்.

கணக்கப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது!

எதற்காக வக்கீல் படிப்பு?

பக்கத்து டீக்கடையில் உட்கார வைத்து விசாரித்தோம். (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

"10-வது பாஸ் பண்ணின வருஷமே அப்பா தவறிட்டாரு சார். கடையில சேர்ந்துட்டேன். தங்கச்சிங்க ரெண்டு பேரையும் கட்டிக் குடுத்த பிறகுதான் நம்மளும் படிக்கலாமேன்னு தோணுச்சு. பிளஸ்-2 இல்லாமலே பி.ஏ. எழுதலாம்னு சொன்னாங்க. ராத்திரி ராத்திரி படிச்சு முடிச்சேன்."

"சட்டம் படிக்கணும்னு ஏன் தோணுச்சு?"

"ஊர்ல பாகப்பிரிவினை கேசு நடக்குது சார். 11 வருஷமா அலையறேன். கட்டுல என்ன எழுதியிருக்குன்னே புரியல. வாய்தா, வாய்தான்னு சொல்றாங்க. தலையாட்டிட்டு வர்றேன். நாமளே படிச்சா என்னன்னு ஒரு வெறி. முதலாளிகிட்ட பேசி, மாசச் சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்ல, சாயந்திரம் மட்டும் கணக்கு எழுதறேன்னு சம்மதம் கூட வாங்கிட்டேன்."

முதலாளியின் சம்மதம் கிடைத்துவிட்டது. சட்டத்தின் சம்மதம் கிடைக்கவில்லை!

விதி என்ன சொல்கிறது?

சட்டப்படிப்பில் யாரைச் சேர்க்கலாம் என்று விதி வகுப்பது இந்திய பார் கவுன்சில். 2008-ம் ஆண்டு அது கொண்டுவந்த சட்டக்கல்வி விதிகள்தான் நாடு முழுவதும் நடைமுறை.

அதில் 5-வது விதியை நன்றாகக் கவனிக்க வேண்டும்.

5 ஆண்டு படிப்பில் சேர பிளஸ்-2 தேறியிருக்க வேண்டும். 3 ஆண்டு படிப்பில் சேர ஏதாவது ஒரு பட்டம் வேண்டும்.

"அதுதான் பட்டம் இருக்கிறதே!" என்பீர்கள்.

அங்கேதான் சிக்கல். அடிப்படைப் படிப்பு இல்லாமல், திறந்தவெளி பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்து வாங்கிய பட்டம் செல்லாது என்று அதே விதியின் விளக்கம் சொல்கிறது. பட்டத்துக்கு அடிப்படை பிளஸ்-2. அது இல்லாமல் வாங்கிய பி.ஏ. மட்டுமல்ல, அதன் மேல் வாங்கிய எம்.ஏ. இருந்தாலும் பயன் இல்லை.

அதாவது 10-வது, பிளஸ்-2, பட்டம். இந்த வரிசை மாறக்கூடாது!

இது சர்க்கார் ஆபீசுகளில் வேலை பார்ப்பவர்களுக்குப் புதிது அல்ல. 10-வது, பிளஸ்-2 தேறாமல் திறந்தவெளியில் வாங்கிய பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்க முடியாது என்று தமிழக அரசு 2009-ம் ஆண்டு ஆகஸ்டில் உத்தரவு போட்டது. பதவி உயர்வு நேரத்தில் அதில் மாட்டிக்கொண்டு தவித்தவர்கள் பலர்.

தபால் படிப்பு வேறு!

இதைக் கேட்டு எல்லோரும் பயப்பட வேண்டாம்.

பிளஸ்-2 முறையாகத் தேறிவிட்டு, அதன் பிறகு தபால் வழியில் பட்டம் வாங்கியவர்களுக்குத் தடை இல்லை. அதே 5-வது விதி, தொலைதூரக் கல்வியில் வாங்கிய பட்டத்தையும் ஏற்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. பிளஸ்-2 முடித்துவிட்டுத் திறந்தவெளி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவரும் இந்த வகைதான்.

பட்டத்தில் "திறந்தவெளி" என்று அச்சாகியிருப்பது குற்றம் அல்ல. அதற்கு முந்தின படி இருக்கிறதா என்பதே கேள்வி.

மார்க்கும் பார்க்க வேண்டும். பார் கவுன்சில் விதிப்படி பொதுப் பிரிவினருக்குக் குறைந்தது 45 சதவீதம், ஷெட்யூல்டு வகுப்பினர், பழங்குடியினருக்கு 40 சதவீதம். பிற்பட்ட வகுப்பினர் அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கே மனுப் போடுவது?

சட்டக்கல்லூரி என்றாலே நம் ஊர்க்காரர்களுக்கு ஐகோர்ட்டு வளாகத்தில் உள்ள அந்தச் சிவப்புக் கட்டிடம்தான் ஞாபகம் வரும். 1891-ல் தொடங்கிய கல்லூரி. 2018-ல் அங்கிருந்து இடம் மாறிவிட்டது. ஒரு பகுதி கேளம்பாக்கம் அருகே புதுப்பாக்கத்துக்கும், இன்னொரு பகுதி திருவள்ளூரை அடுத்த பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டன.

ஆகவே பாரிமுனையில் இறங்கி, "பாரம் எங்கே கிடைக்கும்?" என்று தேட வேண்டாம்!

அரசு சட்டக்கல்லூரிகளுக்கு ஆள் சேர்ப்பது தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். மதுரை, திருச்சி, கோவை, நெல்லை, செங்கல்பட்டு, வேலூர் என்று எந்த ஊர்க் கல்லூரியாக இருந்தாலும் அதன் மூலம்தான் மனுப் போட வேண்டும். கம்ப்யூட்டர் வழியாகத்தான் மனு.

இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. 5 ஆண்டு படிப்புக்கு பிளஸ்-2 மார்க்கு. 3 ஆண்டு படிப்புக்கு பட்டப்படிப்பு மார்க்கு. அதை வைத்து வரிசைப் பட்டியல் போட்டு, 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி இடம் கொடுக்கிறார்கள். ஜாதிச் சான்றிதழைக் கடைசி நாளில் தேடக்கூடாது.

6-வது முதல் 12-வது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021-ல் வந்த சட்டப்படி 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. 5 ஆண்டு சட்டப்படிப்புக்கும் அது பொருந்தும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இது பயன்படலாம்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் வேறு. திருச்சியில் உள்ளதும் அதில் ஒன்று. அவற்றில் பெரும்பாலானவற்றில் சேர "கிளாட்" என்ற அகில இந்தியத் தேர்வு எழுத வேண்டும். 2 மணி நேரம், 120 கேள்விகள். எல்லாம் இங்கிலீஷில். தப்பாக எழுதினால் கேள்விக்குக் கால் மார்க்கு போய்விடும்.

"வகுப்புக்கு வரவே வேண்டாம்!"

வேலையில் இருப்பவர்களைக் குறிவைத்து ஒரு கும்பல் திரிகிறது.

"பணத்தைக் கட்டுங்க சார். வகுப்புக்கு வரவே வேணாம். பரீட்சைக்கு மட்டும் வந்தாப் போதும். பட்டம் வீடு தேடி வரும்" என்று ஆசை காட்டுவார்கள். நம் கணக்கப்பிள்ளையிடமும் ஒருவர் பேசியிருக்கிறார். "பிளஸ்-2 இல்லேன்னாலும் பாத்துக்கலாம்" என்றாராம்.

நம்பிவிடாதீர்கள்!

சட்டப்படிப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வகுப்புக்கு வந்திருக்க வேண்டும் என்பது 2008-ம் ஆண்டு விதி. காலை 8 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையில்தான் வகுப்பு நடத்த வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பாரிமுனையில் காலையில் கடை திறந்துவிட்டு, புதுப்பாக்கத்தில் எப்படி வகுப்பில் உட்கார முடியும்? இதை யோசித்துவிட்டுத்தான் மனுப் போட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சர்ட்டிபிகேட்டு பார்ப்பது கல்லூரியோடு முடிந்துவிடுவதில்லை. படித்து முடித்து வக்கீலாகப் பதிவு செய்யப் போகும்போது மாநில பார் கவுன்சிலும் பழைய சர்ட்டிபிகேட்டுகளைப் புரட்டிப் பார்க்கும். கல்லூரியில் எப்படியோ நுழைந்தவர் அங்கே மாட்டிக்கொள்வார். 3 ஆண்டும் போச்சு, கட்டின பணமும் போச்சு!

கடைக்காரர்கள் கவனிக்க!

வக்கீலாகப் பதிவு செய்தபின் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கலாமா?

கூடாது. வக்கீல் தானே நேரடியாக வியாபாரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பணம் போட்டுவிட்டு நிர்வாகத்தில் தலையிடாத பங்குதாரராக இருக்கலாம். அதுவும் அந்தத் தொழில் வக்கீல் மரியாதைக்கு ஏற்றது என்று மாநில பார் கவுன்சில் கருத வேண்டும்.

முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டும் வக்கீல் தொழில் நடத்த முடியாது. வேலையை விட்டுவிட்டுத்தான் கோட்டு போட வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பதிவுக் கட்டணம் என்று பல மாநிலங்களில் ஆயிரம் ஆயிரமாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வக்கீல்கள் சட்டத்தில் சொன்னபடி பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய், ஷெட்யூல்டு வகுப்பினர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது.

இனி என்ன வழி?

கணக்கப்பிள்ளை விஷயத்துக்கு வருவோம். அவருக்குக் கதவு அடியோடு அடைத்துவிட்டதா?

இல்லை.

அவர் 10-வது தேறியவர். தனித்தேர்வராக மேல்நிலைப் படிப்பை எழுதித் தேறலாம். ஆனால் பிளஸ்-2 கிடைத்த கையோடு பழைய பி.ஏ.யைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. ஏன்? அந்த பி.ஏ. பிளஸ்-2-க்கு முன்னால் வாங்கியது. வரிசை தப்பித்தான் இருக்கிறது.

அவருக்கு உள்ள சரியான வழி இரண்டு.

ஒன்று, பிளஸ்-2 மார்க்கை வைத்து 5 ஆண்டு படிப்புக்கு மனுப் போடுவது.

இரண்டு, பிளஸ்-2-க்குப் பிறகு புதிதாக ஒரு பட்டம் வாங்கி, 3 ஆண்டு படிப்புக்குப் போவது. அந்தப் பட்டம் தபால் வழியில் இருந்தாலும் சரி.

"வயசு?" என்று கேட்டார்.

5 ஆண்டு படிப்புக்கு 20 வயது, 3 ஆண்டு படிப்புக்கு 30 வயது என்று பார் கவுன்சில் ஒரு வரம்பு வைத்திருந்தது. அதை மறுபடியும் அமல்படுத்தச் சொன்ன சுற்றறிக்கையை 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு நிறுத்திவைத்தது. ஆனாலும் மனுப் போடும் ஆண்டில் விளக்கக் குறிப்பேட்டில் வயது பற்றி என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம் என்று சொன்னோம்.

விரல் விட்டுக் கணக்குப் போட்டார். கணக்கு எழுதுகிறவர் அல்லவா!

"பிளஸ்-2 முடிச்சு, அப்புறம் 5 வருஷம்... கோட்டு போடும்போது 50 தாண்டிடும் சார்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

குறுக்கு வழி வேண்டாம் என்று சட்டம் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் குடும்பத்துக்காகப் படிப்பை விட்டவனுக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு என்று சொல்லித்தானே திறந்தவெளிப் படிப்பே வந்தது? சேரும்போதே, "இந்தப் பட்டத்தை வைத்துச் சட்டம் படிக்க முடியாது, அரசு வேலைக்கும் போக முடியாது" என்று ஒருவர் சொல்லியிருந்தால், அவர் அன்றைக்கே பிளஸ்-2 எழுதியிருப்பார். இத்தனை ராத்திரி வீணாகியிருக்காது.

டீக் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார். நேராக அந்த ஜெராக்ஸ் கடைக்கே திரும்பிப் போனார்.

"ஏம்மா, தனித்தேர்வு பாரம் எப்ப வரும்னு பாத்துச் சொல்றியா?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "நம்பர் குடுத்துட்டுப் போங்க சார், வந்ததும் சொல்றேன்" என்றாள்.

வாசகர்களே! வக்கீல் படிப்பு ஆசை உங்களுக்கும் இருந்தால் இன்று ராத்திரி பீரோவைத் திறங்கள். 10-வது, பிளஸ்-2, பட்டம் மூன்றையும் தேதி வரிசையாக அடுக்கிப் பாருங்கள். வரிசை சரியாக இருந்தால் மனுப் போடுங்கள். நடுவில் ஒன்று இல்லை என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த ஒன்றைச் சம்பாதியுங்கள்!