படம் சாட்சியாகுமா?

புதிய கைத்தொலைபேசி ஒன்று கடைக்கு வருமுன்னரே அதன் "இரகசியப் படம்" வெளியாகிவிடுகிறது. பார்த்தவுடன் நம்புவோரும் உண்டு. "பொய்" என்று தள்ளுவோரும் உண்டு. இரு சாராரும் ஏமாந்திருக்கிறார்கள்.

2010 மார்ச்சில், கலிபோர்னியாவின் ரெட்வூட் சிற்றியிலுள்ள மதுச்சாலை ஒன்றில் அப்பிள் நிறுவனத்தின் பரிசோதனைத் தொலைபேசி தவறிப்போனது. கிஸ்மோடோ என்ற செய்தித்தளம் 5,000 டொலர் கொடுத்து அதனைப் பெற்று, ஏப்ரல் 19ல் படங்களை வெளியிட்டது. விளிம்பிலிருந்த கோடுகளைக் காட்டி, அப்பிள் இப்படிச் செய்யாது என்று வாதிட்டோரும் இருந்தனர். ஆனால் நிறுவனமே அதைத் திருப்பித் தருமாறு கடிதம் எழுதியது. யூன் 7ல் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோன் 4ஐ அறிமுகம் செய்தபோது, அக்கோடுகள் அன்ரெனாவின் பகுதி என்பது தெரியவந்தது.

மறுவருடம் நடந்தது நேர்மாறு. ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்த ஐபோன் 5 வருகிறதென்ற பேச்சை நம்பி, அந்த வடிவில் உறைகளையே செய்துவிட்டனர் சில தயாரிப்பாளர்கள். 2011 ஒக்ரோபர் 4ல் அறிமுகமானதோ பழைய உருவத்தில் ஐபோன் 4எஸ்!

தொழில் தெரிந்தவர்களே தவறியிருக்க, நாம் படத்தின் தோற்றத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்கலாமா? பொருள் யார் கையில் உள்ளது, உரிமையாளர் என்ன சொல்கிறார் என்பதே சாட்சி.

வந்த இடத்தில் நாம் உழைக்கும் ஒவ்வொரு காசும் பெறுமதியானது. படத்தைக் காட்டி எவராவது முற்பணம் கேட்டால், பொருள் கடைக்கு வரட்டும் என்போம். கையில் எடுத்துப் பார்த்தபின் பணத்தை எடுப்போம்.