திரும்பி வந்த நாளுக்கும் கூலி உண்டு

வியாபார நண்பர்களே, இந்த வாரம் மலையில் நடப்பதைப் பற்றி எழுதப் போகிறேன். "இவருக்கு என்ன, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மலையேறும் ஆசையா?" என்று சிரிக்க வேண்டாம். இதிலும் கொள்முதல் இருக்கிறது, விற்பனை இருக்கிறது, கடன் இருக்கிறது, நட்டம் இருக்கிறது. நட்டத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியுள்ளது.

பதுளையில் முப்பது வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் முன்பெல்லாம் ஒரு தண்ணீர்ப் போத்தலும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு கோச்சி ஏறிவிடுவார்கள். அண்மைய வருடங்களில் வருகிறவர்கள் வேறு மாதிரி. முதுகில் பை, கையில் தடி, காலில் சேறு. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், நடக்கிறோம் என்கிறார்கள். ஒரு நாள் அல்ல, ஐந்து நாள், பத்து நாள்.

என் ராத்தாவின் மகன் இதைப் பார்த்துவிட்டு, "மாமா, இவங்களுக்கு வழிகாட்டி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாத்தையும் நாமளே ஒழுங்கு செஞ்சு குடுத்தா என்ன?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். முதல் போடுவதற்கு முன் விசாரித்தோம்.

22 கட்டங்கள்

இவர்கள் நடப்பது பெரும்பாலும் "பெக்கோ ட்ரெயில்" என்ற பாதையில். தேயிலைத் தரத்தின் பெயரே பாதைக்கும். மிகேல் குனாட் என்பவரின் யோசனையில் உருவாகி, ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் நிதி உதவி செய்த பாதை இது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. நீளம் 300 கிலோமீற்றருக்கும் அதிகம், கட்டங்கள் 22. ஒரு கட்டத்துக்குச் சராசரி 14 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பகுதி புதிதாக வெட்டிய பாதை அல்ல. துரைமார் குதிரையில் போன வழி, கொழுந்துச் சாக்கு தூக்கிப் போன வழி, தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர இந்தப் பாதையில் இருக்கிறது. ஹப்புத்தளைக்கு வந்தால், லிப்டன் 1890இல் தொடங்கிய தம்பேதன்ன தொழிற்சாலை பக்கத்தில்தான். எல்ல, தெமோதரை, ஹாலிஎல என்று நம் ஊவாவுக்குள் பல கட்டங்கள் உள்ளன.

தவளக்காரர் கணக்கு

இது நமக்குப் புதிய தொழில் என்று நினைக்க வேண்டாம். பதுளைக்குக் கோச்சி வந்தது 1924இல். அதற்கும் வெகு முன்பே, கண்டி மன்னர்கள் காலத்திலிருந்து, நம்மவர்கள் பொதிமாடுகளில் கரையோர உப்பையும் கருவாட்டையும் ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டு வந்து, பாக்கு ஏற்றித் திரும்பினார்கள். தவளம் என்று அதற்குப் பெயர்.

என் பாட்டனார் தன் வாப்பாவிடம் கேட்டதாக ஒன்று சொல்வார். ஆறு பெருகினால் தவளம் கரையில் நிற்கும். ஒரு நாளோ, நான்கு நாளோ, தண்ணீர் வடியும் வரை நிற்கும். நின்ற நாளுக்கும் மாட்டுக்காரனுக்குச் சோறு உண்டு, கூலி உண்டு. ஏன் என்று சிறுவயதில் கேட்டேன். "கூலி இல்லேண்டா அவன் மாட்டை ஆத்துல இறக்கிடுவான், மகன்" என்றார். அதன் பொருள் எனக்கு விளங்கப் பல வருடம் சென்றது.

ஒரே மலை, இரண்டு மழை

நெடுநாள் நடைக்குத் திட்டம் போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பணத்தை அல்ல, பஞ்சாங்கத்தை. நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் தென்மேல் பருவக்காற்று மழை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அங்கே நனைந்துகொண்டேதான் நடக்க வேண்டும். அதே மாதங்களில் மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கச்சான் காற்று வீசும், வெயில் காயும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருவதே அந்தக் காய்ந்த காலம்தான். நமக்கு மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஒஹிய, இதல்கஸ்ஹின்ன பக்கத்துக் கணவாயில் நின்றால் ஒரு பக்கம் முகில், மறுபக்கம் வெளிச்சம் என்று இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆகவே முழுப் பாதையும் நடக்க விரும்புவோருக்குப் பெப்ரவரி, மார்ச் நல்லது. ஊவாக் கட்டங்கள் மட்டும் என்றால் ஜூன் முதல் செப்டெம்பர் வரை நல்லது. மேற்கே மழை பெய்யும்போது நம் பக்கம் வியாபாரம் நடக்கும்.

எட்டுப் பேர், 120 சாப்பாடு

ஒரு சிறு குழுவின் கணக்கைச் சொல்கிறேன். நடப்பவர்கள் ஆறு பேர், ஒரு வழிகாட்டி, ஓர் உதவியாள். ஐந்து நாள், நாளுக்கு மூன்று வேளை. எட்டை மூன்றால் பெருக்கி ஐந்தால் பெருக்கினால் 120 சாப்பாடு. காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும், பகலுக்குப் பொதி செய்த சோறும் பருப்பும் முட்டையும், இரவு சூடாக ஏதாவது. இடையில் பிளேன்டியும் கருப்பட்டியும். இவ்வளவையும் ஒரே ஹோட்டலிடம் கொடுக்கத் தேவையில்லை. வழியில் உள்ள நான்கைந்து வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். இறைச்சி கொடுப்பதானால் நம் கடைகளிலிருந்து ஹலாலாகவே போகும்.

மற்றச் சாமான்கள்: மழை அங்கி, பைக்கு உறை, அட்டை ஏறாத நீளக் காலுறை, உப்பு, டோர்ச், பவர் பேங்க், முதலுதவிப் பெட்டி. குளவிக் கொட்டுக்கு என்ன செய்வது என்று வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேயிலை மலையில் குளவி ஆளையே கொன்றுவிடும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், வெளிநாட்டவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் விட முக்கியமானது சுத்தமான மலசலகூடம். அது இல்லாத வீட்டில் என்ன விருந்து வைத்தாலும் அடுத்த குழு வராது.

வழிகாட்டி, உல்லாசப் பிரயாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவராக இருக்க வேண்டும். ஹோட்டன் சமவெளி தேசிய பூங்காவுக்குள் போவதானால் நுழைவுச்சீட்டு வேண்டும். தோட்டத்துக்குள் தங்குவதானால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இவற்றில் குறுக்கு வழி தேடாதீர்கள்.

நவம்பர் 24

இப்போது நட்டத்துக்கு வருகிறேன். சென்ற 2025ஆம் ஆண்டு, ஆறு பேர் கொண்ட ஒரு குழு ஒஹியவிலிருந்து தெமோதரை வரை ஐந்து நாள் நடக்கக் கேட்டார்கள். அவர்களுக்கு விடுமுறை நவம்பர் கடைசியில்தான். அந்த மாதம் சரிவராது என்று நாங்கள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மருமகன் முற்பணத்தை வாங்கிவிட்டான். நானும் தடுக்கவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

நடை தொடங்கவிருந்தது நவம்பர் 27, வியாழக்கிழமை. 24ஆம் திகதி இரவு, வழிகாட்டியாகப் பேசியிருந்த தோட்டத்துத் தம்பி மழையில் நனைந்தபடி கடைக்கு வந்தான்.

"முதலாளி, மண்ணு நல்லா தண்ணி குடிச்சிருச்சு. பாதையோரத்துல ஊத்தே இல்லாத எடத்துல புதுசா ஊத்து வருது, கலங்கலா வருது. நான் ஆளுங்கள கூட்டிட்டுப் போக மாட்டேன். நீங்க வேற ஆள பாத்துக்குங்க."

மருமகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாமா, அட்வான்ஸ் எடுத்தாச்சு, சாமான் வாங்கியாச்சு. மழை இண்டைக்குப் பெய்யும், நாளைக்கு விடும். வேற ஆள் கிடைக்கும்" என்றான். வேறு ஆள் கிடைத்திருக்கும் என்பதும் உண்மைதான். ஐந்து நாள் கூலி என்றால் வரப் பலர் இருக்கிறார்கள்.

நான் அந்தத் தம்பியைப் பார்த்தேன். எங்கள் மூவரில் அதிகம் இழக்கப் போகிறவன் அவன்தான். அவன் வீட்டில் இரண்டு பிள்ளைகள். என் கடன் கொப்பியில் அவன் பெயரும் இருக்கிறது. அப்படிப்பட்டவன் மழையில் வந்து, எனக்குக் கூலி வேண்டாம், போக வேண்டாம் என்று சொல்கிறான். பாட்டனார் சொன்ன மாட்டுக்காரன் கதை அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நடையை நிறுத்தினோம். முற்பணம் முழுவதையும் திருப்பி அனுப்பினோம். தம்பிக்கு ஐந்து நாள் கூலியில் பாதியைக் கொடுத்தேன். வாங்க மறுத்தான். "இது தர்மம் இல்ல தம்பி, உன் வேலைக்குக் கூலி. போக வேண்டாம் எண்டு சொன்னதும் வழிகாட்டுற வேலைதான்" என்று சொல்லிக் கையில் வைத்தேன். மருமகன் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த வாரமே டித்வா புயலின் மழை மலைநாட்டைப் பிளந்துவிட்டது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் நம் பதுளையும் ஒன்று. வீதிகள் போயின, மலைநாட்டுக் கோச்சிப் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தது. தம்பியின் தொலைபேசி மூன்று நாள் வேலை செய்யவில்லை. நான்காம் நாள் கடைக்கு வந்தான். குடும்பம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பதாகச் சொல்லி, அரிசியும் ஒரு பெட்டி மெழுகுதிரியும் கேட்டான். மருமகன்தான் எடுத்துக் கட்டிக் கொடுத்தான். கொப்பியில் எழுதவில்லை.

நேபாளத்தில் நடந்தது

இமயமலையில் இதே தொழிலை நம்மை விடப் பல வருடம் முன்பே செய்கிறார்கள். அன்னபூர்ணா மலையைச் சுற்றிப் போகும் நடையில் தொரொங் லா என்ற கணவாய் இருக்கிறது. உயரம் 5,416 மீற்றர். உயரம் உடம்புக்குப் பழகுவதற்காகவே இடையில் ஒரு நாள் நடக்காமல் தங்குவார்கள். அந்த நாளின் செலவும் ஆரம்பத்திலேயே கணக்கில் இருக்கும்.

அவ்வளவு அனுபவம் இருந்தும் 2014 ஒக்டோபர் நடுப்பகுதியில் அங்கே பெரிய அழிவு நடந்தது. வங்காள விரிகுடாவில் உண்டான ஹூட்ஹூட் புயலின் மிச்சம் மலையில் பனியாகக் கொட்டியது. எச்சரிக்கை மலையில் இருந்தவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நடக்க வந்தவர்கள் மட்டுமல்ல, வழிகாட்டிகளும் சுமை தூக்கியவர்களும் அதில் இருந்தார்கள். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் நடக்கக் கூடாது என்று நேபாளம் விதி கொண்டு வந்தது.

அதே 2014 ஒக்டோபர் 29இல்தான் நம் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. நம் மலையில் உயரத்தால் வரும் நோய் இல்லை. நம் ஆபத்து மழையும் மண்ணும்தான்.

கொப்பியில் ஒரு புதிய வரி

இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் சகோதரர்களுக்கு நான் சொல்வது இதுதான். விலை போடும்போதே நூற்றுக்குப் பத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். மழைக்காக நடை நின்றால், வழிகாட்டிக்கு அன்றைய கூலி முழுவதும், மிகுதி நாட்களுக்குப் பாதியும் அதிலிருந்து கொடுங்கள். சமைக்க ஒப்புக்கொண்ட வீட்டுக்காரிக்கும் ஏதாவது கொடுங்கள். ஐந்து நாள் நடைக்கு ஆறு நாள் திட்டம் போடுங்கள். நிறுத்துவதா, போவதா என்று முடிவு செய்யும் உரிமை வழிகாட்டிக்கே என்று முற்பணம் வாங்கும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். புறப்படும் முன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் எல்லோர் தொலைபேசியிலும் இருக்கட்டும். புயலுக்குப் பிறகு எந்தப் பகுதி நடக்கக்கூடியது என்று அந்தந்த ஊரில் விசாரிக்காமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

"இது நட்டம் அல்லவா?" என்று கேட்பீர்கள். கடைக்காரன் கணக்கில் பாருங்கள். நடை நின்றால் நான் வாங்கிய பருப்பும் டின் மீனும் மறுபடி இறாக்கைக்குப் போகும், நாளை விற்கும். அந்தத் தம்பியின் நாள் எந்த இறாக்கைக்கும் போகாது. அது போனால் போனதுதான். தாங்கக் கூடியவன் நட்டத்தைத் தாங்குவதுதான் கொடுக்கல் வாங்கலில் நியாயம்.

மருமகன் இப்போது புதுக் கணக்குக் கொப்பி போட்டிருக்கிறான். வரவு, செலவு, முற்பணம் என்ற தலைப்புகளுக்குக் கீழே அவனாகவே இன்னொன்றை எழுதியிருக்கிறான்: "திரும்பி வந்த நாள் கூலி." நான் எழுதச் சொல்லவில்லை.