சாடித் தக்காளியும் சுண்ணச் சத்தும்

தக்காளி நம் நாட்டுக்கு ஆதியில் உரிய செடியன்று. தென்னமெரிக்காவின் மேற்கே அந்தீசு மலைச்சாரலிற் காட்டுச் செடியாய்த் தோன்றி, மெக்சிக்கோவிலே பயிராகி, 16ஆம் நூற்றாண்டில் இசுப்பானியர் வாயிலாக ஐரோப்பா புகுந்து, பின்னரே கீழ்த்திசை நாடுகளுக்கு வந்தது. மணத்தக்காளி என்னுஞ் சிறு பழச்செடியை முன்னரே அறிந்திருந்த நம்மவர், ஒப்புமை நோக்கிப் புதிதாய் வந்ததனையும் தக்காளி என்றே அழைத்தனர் எனக் கொள்ளல் பொருந்தும். அப்பெயரீடு பிழையன்று. இலின்னேயசு என்னும் அறிஞர் 1753இல் தக்காளியையும் மணத்தக்காளியையும் கத்தரியையும் ஒரே சாதியில் வைத்தார். மறு ஆண்டே மில்லர் என்பார் தக்காளியைத் தனிச் சாதியாகப் பிரித்தார். அண்மைக்கால மரபணு ஆராய்ச்சி அதனை மீண்டும் பழைய இடத்திலேயே கொண்டுவந்து சேர்த்திருக்கின்றது.

இவ்வுறவு முறை ஏட்டளவிலே நிற்பதன்று. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகிய யாவும் இக்குடும்பத்தனவே. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் ஆண்டாண்டாய்ப் பயிராகி வருவனவும் பெரும்பாலும் இவையே. ஆதலின், ஒன்றைப் பற்றிய மண்நோய் மற்றொன்றுக்காக மண்ணிலே காத்திருக்கின்றது. நேற்று மாலை செழித்து நின்ற செடியை இன்று உச்சியில் தலைசாயச் செய்யும் பற்றீரியா வாடல், வேரிலே முடிச்சுகளை உண்டாக்கும் வட்டப்புழு என்னும் இரண்டும் இவ்வகையின. சாடியில் வளர்ப்பதன் முதற் பயன் இங்கேதான் உள்ளது. மண் நம் தேர்வாகின்றது. மிளகாய்த் தோட்டத்து மண்ணையே அள்ளிச் சாடியை நிரப்புவோர் அப்பயனைத் தாமே இழந்துவிடுகின்றனர். இக்குடும்பத்துச் செடிகள் நில்லாத இடத்து மண்ணோடு மக்கிய மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்து கொள்ளுதல் நன்று.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், 2022இல் பொருளாதார நெருக்கடி முற்றி, வீட்டுத் தோட்டஞ் செய்வதற்கென அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டதும் நாம் அறிந்தனவே. நிலமில்லாதோரும் அக்காலத்தில் வாளியிலும் உரப்பையிலுந் தக்காளி நட்டனர். அவ்வாறு நட்டோருட் பலர், காய் பருக்குந் தறுவாயில் அதன் அடிப்புறங் கறுத்து அழுகக் கண்டு, “இது நமக்குச் சரிவராது” என்று கைவிட்டதை யான் அறிவேன். அவர் கைவிட்டிருக்க வேண்டியதில்லை. அஃது எதனால் நேர்ந்தது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

காம்புக்கு எதிர்ப்புறத்தில், பூ உதிர்ந்த முனையிலே, நீரூறியது போன்ற ஒரு புள்ளி முதலில் தோன்றும். அது விரிந்து கபில நிறமாகி, பின்னர்க் கறுத்து, தோல்போல் வறண்டு உட்குழியும். இதற்குப் பூமுனை அழுகல் என்று பெயர். பூஞ்சணம் பிற்பாடு வந்து பற்றலாமேயன்றி, நோயின் முதல் எந்தக் கிருமியுமன்று. ஆகவே மருந்து தெளித்தல் வீண். வளருங் காயின் முனைக்குப் போதிய கல்சியம், அதாவது சுண்ணச் சத்து, போய்ச் சேராமையே காரணம்.

யாழ்ப்பாணத்தார்க்கு இது வியப்பைத் தரும். நம் குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேலேயே அமைந்தது. கிணற்றுநீரைக் கொதிக்கவைக்குங் கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவதும் சுண்ணமே. நாள்தோறுஞ் சுண்ணநீர் குடிக்குஞ் செடியின் காய் சுண்ணமின்றி அழுகுவது எங்ஙனம்?

விடை செடியின் நீரோட்டத்தில் உள்ளது. வேர் உறிஞ்சும் நீர் காழ் என்னுங் குழாய்கள் வழியே மேலேறுகின்றது. அதனை இழுப்பது இலைகளில் நிகழும் ஆவியுயிர்ப்பு. நீர் எங்கே மிகுதியாய் ஆவியாகின்றதோ அங்கே நீரும், அதிற் கரைந்த கல்சியமும் மிகுதியாய்ச் செல்லும். அகன்ற இலைகள் பெரும்பங்கை இழுத்துக்கொள்ள, மெழுகுத்தோல் போர்த்த காய்க்குச் செல்வது சிறுபங்கே. இலையிற் படிந்த கல்சியம் மீண்டு வருவதுமில்லை. இலையிலிருந்து சர்க்கரையைக் காய்க்குக் கொண்டுசெல்லும் உரியத்தின் வழியே அஃது ஏறத்தாழச் செல்லாததே காரணம். தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போது வாய்க்காலின் கடைசிப் பாத்தி படும் பாட்டை நாம் கண்டிருக்கின்றோம். கிணற்றில் நீர் குன்றினால் முதற் பாத்தி நனையும். கடைசிப் பாத்தி காயும். காயின் பூமுனையே செடியின் கடைசிப் பாத்தி.

நிலத்திலே நிற்குஞ் செடி, மேல்மண் காய்ந்தால் ஆழத்தில் வேரோட்டி நீர் தேடும். சாடிச் செடிக்கு அவ்வழியில்லை. வளர்ந்த செடியொன்று வெயில் நாளிலே ஒன்று முதல் இரண்டு லீற்றர் வரை, சிலவேளை அதற்கு மேலும், நீரை உறிஞ்சும். சிறு சாடியின் மண் காலையில் ஊற்றியதை நண்பகலுக்குள் இழந்துவிடும். மாலையில் மீண்டும் ஊற்ற, வாடிய இலை நிமிர்கின்றது. நாமும் குறை தீர்ந்தது என்று எண்ணுகின்றோம். ஆனால் காய் விரைந்து பருக்கும் முதலிரு வாரங்களில் அவ்விடைப்பொழுதிலே தடைப்பட்ட கல்சியம் ஈடுசெய்யப்படுவதில்லை.

முட்டைக்கோதை இடித்துப் போடுமாறு கூறும் அறிவுரை இங்கே மிகப் பரவியுள்ளது. அமிலத்தன்மை வாய்ந்த மலைநாட்டு மண்ணுக்குச் சுண்ணம் இடுதல் தகும். நம் காரமண்ணிலோ முட்டைக்கோது எளிதிற் கரையாது. கரைந்தாலும் இல்லாத குறையையே நிரப்பும். மேலும் சுண்ணத்தைக் கூட்டினால், இரும்புச் சத்துக் கிட்டாது இளவிலை மஞ்சளாகும். அடுப்புச் சாம்பலை அளவின்றி இடுதலும் நன்றன்று. அதிலுள்ள பொற்றாசியம் வேரின் வாயிலிலே கல்சியத்தோடு போட்டியிடும். யூரியாவை மிகையாய் இட்டால் தீமை இருமடங்கு: அதிலிருந்து பிறக்கும் அமோனியமும் அவ்வாறே போட்டியிடும், இலை மட்டும் தழைத்து நீரைத் தன்பால் இழுக்கும். கடலோரக் கிணறுகளின் உவர்நீரும் இந்நோயைக் கூட்டவல்லது. அங்குள்ளோர் இயன்றவரை மழைநீரைச் சேர்த்து ஊற்றலாம்.

ஆதலின் மருந்து சுண்ணமன்று, ஈரம் அறாமையே. முன்னாளில் மண்ணெண்ணெய் வந்த நான்கு கலன் தகரம், ஏறத்தாழ 18 லீற்றர், இச்செடிக்கு ஏற்ற அளவு. இன்று பெயின்ற் வாளி அவ்விடத்தைப் பிடித்துள்ளது. அடியிலே துளைகள் வேண்டும். துளைமேல் ஓர் ஓட்டுத்துண்டு போதும்; கல்லும் சல்லியும் அடுக்கினால் நீர் நன்கு வடியும் என்பது தவறான எண்ணம். நுண்மண்ணிலுள்ள நீர், அம்மண் நிறைந்து ததும்பும்வரை பருங்கல்லுக்குள் இறங்காது. ஆகவே கல்லடுக்கு வேருக்குரிய இடத்தைக் குறைப்பதோடு, ஈரம் தேங்கும் மட்டத்தையும் மேலுயர்த்திவிடும். மண்ணின் மேலே இரண்டு அங்குலத் தடிப்பிற்குச் சருகு பரப்புதலும், காலையும் மாலையும் துளைவழி வடியுமட்டும் நீர் ஊற்றுதலும், பிற்பகல் வெயிலுக்குப் பனையோலை மறைப்புக் கட்டுதலும் பெரும்பயன் தரும். சாடியின் கீழே தட்டு வைத்து நீர் தேக்குதல் பிறநாடுகளிற் சொல்லப்படும் முறை. இங்கே அது டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகும். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

அழுகிய காய்களைக் கிள்ளி எறிந்துவிட்டு ஈரத்தைச் சீர்செய்தால், அதே செடியில் அடுத்து வருங் குலைகள் பெரும்பாலும் நன்றாய்க் காய்க்கும். செடியைப் பிடுங்குவது தேவையற்ற செயல். நீண்ட காய்களைத் தரும் இனங்களை இந்நோய் மிகுதியும் பற்றும். குறும்பழ இனங்களை அரிதாகவே பற்றுவதால், முதன்முறை வளர்ப்போர்க்கு அவை ஏற்றன.

பருவத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். இரவு வெப்பம் தணியாவிடின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். ஐப்பசி, கார்த்திகையில் நாற்றிட்டு, கடுமழை ஓய்ந்தபின் சாடிக்கு மாற்றினால், தை மாதக் குளிரிலே பூத்து மாசியிற் பழுக்கும். விறாந்தையில் காற்றும் தேனீயும் எட்டாத இடத்து, பூங்கொத்தைக் காலை வேளையில் விரலாற் சுண்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். பங்குனி வெயிலோடு செடி ஓயும். அம்மண்ணில் மறுமுறை தக்காளியோ மிளகாயோ நடாது, ஒரு போகம் முளைக்கீரை விதைத்துக் கொள்ளலாம்.