திகிலுக்கு ஒரு டார்ச் போதும்

பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கத்துல ஈவிபி ஃபிலிம் சிட்டி இருக்கு. பெரிய படங்களுக்கு அங்கே செட் போடுவாங்க. குறும்படம் எடுக்கிற நம்ம பசங்க கையில் இருப்பது ஒரு வீடு, ஒரு போன். அதை வைத்தே பயமுறுத்த முடியுமா? முடியும். குறும்படத்திலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' (2012) படத்தை இதற்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். பீட்சா கொடுக்கப்போன விஜய் சேதுபதி இருட்டு பங்களாவில் மாட்டிக்கொள்கிறார்.

ஒளி: அவர் கையில் டார்ச். வெளிச்சம் விழும் வட்டம் மட்டும்தான் நமக்கும் தெரியும். மீதி இருட்டை நிரப்புவது நம்ம மனசு.

கேமரா: முகத்தை நெருக்கத்தில் காட்டினால், அவர் எதைப் பார்க்கிறார் என்று தவிப்போம். முதுகுக்குப் பின்னால் இடம் விட்டால், யாரோ வரப்போறாங்கன்னு தோணும்.

ஒலி: கதவுச் சத்தம் ஃபிரேமுக்கு வெளியே கேட்கட்டும். அதற்கு முன் சில நொடி இசையை நிறுத்திப் பாருங்க. கடிகார முள்கூட பயமுறுத்தும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. கதவு எந்தப் பக்கம்னு பார்க்கிறவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும். அதையும் மறைச்சா வருவது திகில் இல்லை, குழப்பம்.