வீட்டிலேயே வீடியோ கேம் மெஷின்: பட்டனை எங்கே வைக்கணும்? பலகையில் துளை போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஒரு ரூபாய் காயினைப் போட்டுவிட்டு, பின்னால் நிற்கும் அண்ணன்களின் கமென்ட்டுக்கு நடுவே ‘முஸ்தபா’ ஆடிய தலைமுறைக்கு இப்போது 40 வயது நெருங்குகிறது. கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட அந்த கேமின் உண்மையான பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. ஆனால் மஞ்சள் தொப்பி போட்ட ஹீரோவின் பெயரே நம் ஊரில் கேமின் பெயராக நிலைத்துவிட்டது.

அந்த கேம் கடைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. ஆனால் ‘அந்த மெஷினை நாமே வீட்டில் செஞ்சா என்ன?’ என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. திருப்பூர் மாவட்டம் குன்னத்தூர் மாதிரியான ஊரில் இது பெரிய விஷயமே இல்லை. பிளைவுட் வேலைக்கு ஆசாரி கிடைப்பார். ஸ்விட்ச், ரிலே, பேனல் போர்டு என்று தினமும் புழங்கும் எலெக்ட்ரீஷியன்கள் சுற்றுவட்டார பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள். பழைய மானிட்டரும் ஒரு சின்ன கம்ப்யூட்டரும் இருந்தால் வேலையை ஆரம்பித்துவிடலாம்.

பலரும் சொதப்புவது ஒரே ஒரு இடத்தில்தான்: கன்ட்ரோல் பேனல்.

கன்ட்ரோல் பேனல் என்றால் என்ன?

திரைக்குக் கீழே, ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் இருக்கும் பலகைதான் கன்ட்ரோல் பேனல். மெஷினில் உங்கள் கை படும் ஒரே இடம் அதுதான். திரை சுமாராக இருந்தால்கூட ஆடிவிடலாம். ஆனால் பட்டன் கைக்கு எட்டவில்லை என்றால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். அதற்கப்புறம் அந்த மெஷின் மேல் துணி காயப்போட வேண்டியதுதான்.

பட்டன் விஷயம் அவ்வளவு முக்கியமா?

இதற்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ என்ற கேம் வந்தது. விற்பனைக்கு வந்த முதல் காயின் வீடியோ கேம் இதுதான். இடப்பக்கம் திரும்ப, வலப்பக்கம் திரும்ப, முன்னால் போக, சுட என்று தனித்தனி பட்டன்கள். கூடவே நீளமான விளக்கக் குறிப்பு. பொதுமக்களுக்குப் புரியவில்லை, எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை.

அதைச் செய்த நோலன் புஷ்னெல், டெட் டாப்னி இருவரும் அடுத்து தொடங்கிய அடாரி நிறுவனம் 1972-ல் ‘பாங்’ கேமை வெளியிட்டது. ஆளுக்கு ஒரு திருகு. அவ்வளவுதான். அது சக்கைப்போடு போட்டது.

இன்னொரு பாடம் 1987-ல். முதல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ மெஷினின் ஒரு வகையில் இரண்டு பெரிய ரப்பர் பட்டன்கள் இருந்தன. எவ்வளவு பலமாகக் குத்துகிறோமோ அவ்வளவு பலமாகத் திரையில் அடி விழும். யோசனை பிரமாதம்தான். ஆனால் ஆட வந்தவர்கள் நிஜமாகவே குத்தினால் பட்டனும் தாங்காது, கையும் தாங்காது. அதற்குப் பதிலாக வந்ததுதான் ஆறு பட்டன் அமைப்பு. 1991-ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ உலகம் முழுக்கப் போனபோது அந்த ஆறு பட்டனும் கூடவே போனது. இன்றும் சண்டை கேம்களுக்கு அதுதான் அடிப்படை.

எத்தனை பட்டன் வைக்கலாம்?

முதலில் என்ன கேம் ஆடப்போகிறீர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்க.

• ‘பேக்-மேன்’ (1980): ஜாய்ஸ்டிக் மட்டும் போதும், ஆட பட்டனே தேவையில்லை.
• ‘முஸ்தபா’: இரண்டு பட்டன். அடிக்க ஒன்று, குதிக்க ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஸ்பெஷல் அடி.
• ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’: ஆறு பட்டன். குத்துக்கு மேல் வரிசையில் மூன்று, உதைக்குக் கீழ் வரிசையில் மூன்று.

இருவர் ஆடும் மெஷினுக்கு ஆளுக்கு ஆறு பட்டன், ஆளுக்கு ஒரு ஸ்டார்ட், ஒரு காயின் பட்டன் இருந்தால் போதும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பத்து பதினைந்து பட்டன் அடுக்கினால், வீட்டுக்கு வரும் குழந்தைக்கு எதை அழுத்துவது என்றே தெரியாது. ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ கதைதான்.

4 திசையா, 8 திசையா?

கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஜாய்ஸ்டிக் 8 திசை. மேல், கீழ், இடம், வலம் தவிர மூலைகளுக்கும் போகும். சண்டை கேமுக்கு இது அவசியம். ஆனால் ‘பேக்-மேன்’ ஆடும்போது குச்சி லேசாக மூலைக்குச் சரிந்தால், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் பேய் கையில் மாட்டிக்கொள்ளும். நம் கை சரியில்லை என்று நினைப்போம். தப்பு குச்சி மேல்தான். சில மாடல்களின் அடியில் இருக்கும் தகட்டைத் திருப்பிப் போட்டால் 4 திசைக்கு மாறும். வாங்கும்போதே கேட்டு வாங்குங்க.

‘சாம்பிள்’ போடாமல் துளை போடாதீங்க

இந்த விஷயத்தை திருப்பூர் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டி-ஷர்ட் ஆர்டர் வந்தால் எடுத்தவுடன் ஆயிரக்கணக்கில் வெட்டிவிடுவார்களா? அட்டையில் பேட்டர்ன், பிறகு ஒரு சாம்பிள் பீஸ், போட்டுப் பார்த்து அளவு சரியா என்று பார்ப்பது, பையர் ஓகே சொன்ன பிறகுதான் கட்டிங். வெட்டின துணியை ஒட்ட முடியாது. பலகையில் போட்ட துளையும் அப்படித்தான்.

எனவே முதலில் ஒரு கெட்டி அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெஷின் எவ்வளவு உயரம் வருமோ அந்த உயரத்தில் மேஜை மேல் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் இயல்பாக அதன் மேல் வைத்துப் பாருங்கள். இடது கை விழுந்த இடம் ஜாய்ஸ்டிக். வலது கை விரல் நுனிகள் விழுந்த இடம் பட்டன். ஸ்கெட்ச் பேனாவில் குறியுங்கள்.

விரல்கள் ஒரே நீளம் கிடையாது. அதனால் பட்டன் வரிசையை நேர்கோட்டில் வைக்காமல் லேசான வளைவாக வைப்பதுதான் வசதி. பிறகு அட்டையில் துளை வெட்டி, நிஜ பட்டன்களையே மாட்டி, அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். வீட்டில் உயரமானவர், குட்டையானவர், குழந்தை எல்லோரையும் ஆட விடுங்கள். எல்லோரும் ஓகே சொன்னால் மட்டும் பிளைவுட்டைத் தொடலாம்.

முக்கியமான அளவுகள் என்ன?

• உயரம்: நின்று ஆட, தரையிலிருந்து 90 முதல் 100 சென்டிமீட்டர். குழந்தைகளுக்கு ஒரு பலகைப்படி போட்டுக் கொடுக்கலாம்.
• அகலம்: இருவர் ஆட 60 முதல் 70 சென்டிமீட்டராவது வேண்டும். குறைந்தால் தோள் இடிக்கும்.
• துளை: ஜப்பான் வகை பட்டனுக்கு 30 மில்லிமீட்டர், ஸ்டார்ட் பட்டனுக்கு 24. அமெரிக்க வகைக்கு 28 முதல் 29. பட்டனை வாங்கி அளந்த பிறகே துளைக்கும் பிளேடை வாங்கணும்.
• இடைவெளி: ஒரு பட்டனின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 35 முதல் 40 மில்லிமீட்டர்.
• பலகை: 18 மில்லிமீட்டர் பிளைவுட் என்றால் திருகு போட்டு மாட்டும் நீளமான பட்டன் வேண்டும். கிளிப் மாதிரி ‘டக்’ என்று மாட்டும் பட்டன் தடித்த பலகையில் நிற்காது. ஜாய்ஸ்டிக் குச்சியும் குட்டையாகிவிடும். அந்த இடத்தில் மட்டும் பலகையின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் குடையச் சொல்லுங்கள்.

பேனலின் ஒரு பக்கத்தில் கீல் வைத்து, மேலே திறக்கிற மாதிரி செய்துவிட்டால் ரிப்பேர் சுலபம்.

எந்த பட்டனை எங்கே வைக்கக் கூடாது?

நிட்டிங் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டார்ட், ஸ்டாப், மெதுவாக நகர்த்த ஒரு பட்டன் என்று எல்லாமே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆனால் நிறத்தை வைத்தே எது எது என்று தெரிந்துவிடும். அவசரத்துக்கு நிறுத்தும் பட்டன் சிவப்பாக, குடை மாதிரி புடைத்துக்கொண்டு இருக்கும். பார்க்காமலேயே கை போகணும், அதுதான் கணக்கு.

கேம் மெஷினில் இதற்கு நேர் எதிர். கேமிலிருந்து வெளியேறும் ‘எக்சிட்’ பட்டன் கை தவறிக்கூடப் படக் கூடாது. கடைசி பாஸிடம் சண்டை போடும்போது அது அழுந்தினால் போச்சு. அதை பேனலின் பக்கவாட்டிலோ மேலோரத்திலோ தள்ளி வையுங்கள். நிறத்திலும் ஒழுங்கு வேண்டும்: முதல் ஆளுக்கு ஒரு நிறம், இரண்டாவது ஆளுக்கு வேறு நிறம்.

வயரிங் கஷ்டமா?

இல்லை. ஒவ்வொரு பட்டனும் ஒரு சின்ன ஸ்விட்ச்தான். எல்லா ஸ்விட்ச்சுக்கும் ஒரு பொது வயரை மாலை கோர்ப்பது போல் இழுக்கலாம். மற்றொரு முனையிலிருந்து தனித்தனி வயர், ‘என்கோடர்’ எனப்படும் சின்ன போர்டுக்குப் போகும். அங்கிருந்து ஒரு யுஎஸ்பி வயர் கம்ப்யூட்டருக்கு. ஆளுக்கு ஒரு போர்டு.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ஸ்விட்ச்சில் மூன்று முனை இருக்கும். தப்பான முனையில் கொடுத்தால், நீங்கள் தொடாமலேயே பட்டன் அழுந்தியதாகக் காட்டும். இரண்டு, குச்சியை மேலே தள்ளினால் அடியில் அது எதிர்ப்பக்க ஸ்விட்ச்சைத் தட்டும். அதனால் ‘மேல்’ வயர் கீழ்ப்பக்க ஸ்விட்ச்சுக்குத்தான் போகணும். மூன்று, செலவு குறையும் என்று பழைய கீபோர்டைப் பிரித்து வயர் இழுக்காதீங்க. சாதாரண கீபோர்டில் சில பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் எல்லாமே பதிவாகாது. இருவர் ஆடும்போது இது பெரிய தலைவலி.

கரன்ட் விஷயத்தில் விளையாடக் கூடாது

பேனல் வயரிங்கில் ஓடுவது அதிகபட்சம் 5 வோல்ட். அது ஷாக் அடிக்காது. ஆனால் அதே பெட்டிக்குள் மானிட்டருக்கும் விளக்குக்கும் 230 வோல்ட் வருகிறது. இரண்டு வயரிங்கையும் தனித்தனிப் பாதையில் கொண்டுபோங்கள். பெட்டியில் உலோகப் பாகம் இருந்தால் எர்த் கட்டாயம். மூன்று பின் பிளக் போடுங்கள். வீட்டு லைனில் 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

பழைய டப்பா டிவியைப் பிரித்து மாட்டும் ஆசை வேண்டவே வேண்டாம். அதன் பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம்.

எல்லோரும் ஆட முடியுமா?

நாமே செய்வதில் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். கடையில் வாங்கும் கன்ட்ரோலர் இரண்டு கையும் பத்து விரலும் இருப்பவர்களை மனதில் வைத்துச் செய்யப்படுவது. மெஷினில் விரலை இழந்தவர்களும், பக்கவாதத்தால் ஒரு கை சரியாக வராதவர்களும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2018-ல், வெளியிலிருந்து விதவிதமான ஸ்விட்ச்சுகளை இணைத்துக்கொள்ளும் கன்ட்ரோலர் ஒன்றை மாற்றுத்திறனாளிகளுக்காகக் கொண்டுவந்தது.

வீட்டு பேனலில் அதே வேலை இன்னும் சுலபம். ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் வைக்கலாம். இரண்டு பட்டன் வேலையை ஒரே பட்டனுக்குக் கொடுக்கலாம். உள்ளங்கையால் தட்டும் அளவுக்குப் பெரிய பட்டன் போடலாம். ‘முஸ்தபா’வுக்குத் தேவை ஒரு குச்சியும் இரண்டு பட்டனும்தானே!

கேம்களை எங்கிருந்து எடுப்பது?

பழைய கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் ‘மேம்’ என்ற மென்பொருள் 1997-ல் வந்தது, இலவசம்தான். ஆனால் கேம்களுக்குக் காப்புரிமை இருக்கிறது. இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக டவுன்லோடு செய்வது சட்டப்படி சரியல்ல. பல பழைய கேம்களை நிறுவனங்களே தொகுப்பாக விற்கின்றன. இலவசமாக ஆட அனுமதிக்கப்பட்ட கேம்களும் உண்டு. வீட்டு மெஷினில் காயின் போட்டு வசூல் செய்ய நினைத்தால் அது வேறு சட்டச் சிக்கல்.

சுருக்கமாகச் சொன்னால்: கேம் பட்டியலை எழுதுங்கள், அட்டையில் சாம்பிள் போடுங்கள், வீட்டில் எல்லோரையும் ஆட விட்டுப் பாருங்கள். டிரில் மெஷினுக்குப் பிளக் மாட்டுவது அதற்கப்புறம்.